ஐம்பத்தெட்டாம் பாகத்தின் முதல் பிரதி

கண்டி மஹய்யாவையில் ரமேஸைப் போலச் சத்தத்துக்கு எதிரி இன்னொருவன் இருந்ததில்லை. நாய் குரைத்தால் முறைப்பான். பக்கத்து வீட்டில் தேங்காய் துருவினால் ஜன்னலைச் சாத்துவான். மாத்தளை ரயில் சுரங்கத்துக்குள் புகுந்து வெளியே வந்து தொலையும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பான். பாண் விற்க வரும் ஓட்டோ அந்த ஒரே மெட்டைப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் திரும்பிவிட்டால் போதும், செருப்பைக்கூட மாட்டாமல் மேட்டு வீட்டின் எண்பத்திரண்டு படியும் இறங்கி ஓடுவான். அக்கம்பக்கத்தில் பாதிப் பேர் அவனை லூசு என்றார்கள். மீதிப் பேர் பாவம் என்று விட்டுவிட்டார்கள்.

இவ்வளவு ஆர்ப்பாட்டமும் எதற்கு? வாரத்தில் ஓர் அரை மணி நேரத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை பகலில் ரயில் போன பிறகு, பள்ளிவாசலில் மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்வதற்கு முன்னால், கொஞ்ச நேரம் அந்த மேடு அடங்கிக் கிடக்கும். அந்த நேரத்தில் அவன் மனைவி தர்ஷிகா அலுமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். தொங்கும் சேலைகளுக்கு நடுவே, மடித்துப் போட்ட கம்பளியின் மேல் உட்கார்ந்து, மைக்குக்கு முன்னால் ஒரு ஜப்பான்காரனாக மாறிவிடுவாள்.

அந்த ஜப்பான்காரன் பெயர் யாஹெய். ஊர் ஊராக நடக்கிற வாள்காரன். முதலில் முப்பத்தொரு மங்காப் படக்கதைப் புத்தகங்களில் வந்து, பிறகு எழுபத்துநாலு பாக அனிமேயாகி, இரண்டு சினிமாப் படமாகி, பொம்மையாகி, பனியனாகி, கடைசியில் கண்டி நடைபாதைக் கடையில் தோள் பையாகவும் தொங்கியவன். கார்ட்டூன் என்று யாராவது சொன்னால் தர்ஷிகாவுக்குப் பொல்லாத கோபம் வரும். 'மழைப்பாதை வாள்காரன்' என்று தமிழில் பெயர் வைத்தவளும் அவள்தான்.

கதை இதுதான். யாஹெய் சண்டையில் பலரைக் கொன்றவன். சண்டை முடிந்ததும், செத்தவர்கள் ஒவ்வொருவரிடமிருந்தும் எடுத்த பொருளை, ஒரு சீப்போ, புல்லாங்குழலோ, பிள்ளையின் செருப்போ, ஒரு துணியில் மூட்டை கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, அவர்களுடைய வீடுகளைத் தேடி நடக்கிறான். பாகத்துக்கு ஒரு வீடு. வாசலில் போய் ஓலைத் தொப்பியைக் கழற்றுவான். எல்லாப் பாகத்திலும் ஒரே வசனம்தான்: "இது உங்கள் வீட்டுப் பொருள். கொண்டுவந்திருக்கிறேன். இதை வைத்திருந்தவனைக் கொன்றவன் நான்தான்." சில வீட்டில் கல்லால் அடிப்பார்கள். சில வீட்டில் கதவைச் சாத்துவார்கள். உள்ளே வா என்று யாரும் சொல்வதில்லை.

தர்ஷிகா இந்த யாஹெய்யைப் பார்த்தது சின்ன வயதில், ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லய வீடொன்றில், ஒரே ஒரு டிவிக்கு முன்னால் இருபது பிள்ளைகளோடு நெருக்கியடித்துக்கொண்டு. அப்போது அவன் சிங்களத்தில்தான் பேசினான். வசனமெல்லாம் அவளுக்கு சிங்களத்திலேயே மனப்பாடம். பெரியவளாகி டவுனில் புடவைக் கடைக்கு வேலைக்கு வந்த பிறகும் யாஹெய் போட்ட பையைத்தான் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்தாள். ஹந்தானை பஸ்ஸில் அந்தப் பையைப் பார்த்துத்தான் ரமேஸ் பேச்சுக் கொடுத்தான். எத்தனையாவது புத்தகம்வரை வாசித்தாய் என்று கேட்டான். அவள் இருபத்தேழு என்றாள். இவன் பத்தொன்பது. வெட்கமாகப் போய்விட்டது பயலுக்கு.

கல்யாணமான புதிதில் ஒருநாள் அவள் சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டே கேட்டாள், யாஹெய் நம்ம பாஷையில பேசுனா எப்படி இருக்கும் என்று. கேட்டதோடு நிற்காமல் தொண்டையைக் கொஞ்சம் தாழ்த்தி, அந்த வாசல் வசனத்தைத் தமிழில் சொல்லியும் காட்டினாள். ரமேஸுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஒல்லியான பெண்ணுக்குள்ளிருந்து, நாலு நாள் மழையில் நனைந்த ஓர் இளவட்ட ஆண் பேசினான். அடுத்த ஞாயிறே குரல் பதிவுக்காக அலுமாரியின் அடித்தட்டைக் காலி பண்ணிவிட்டார்கள்.

வேலை பங்கு போடப்பட்டது. யாஹெய் தர்ஷிகா. கெட்டவர்கள் எல்லோரும், டவுனில் ஃபோன் கடை வைத்திருந்த பஹ்மி நானா. மற்ற வழிப்போக்கர், கடைக்காரர், குதிரை கனைப்பு எல்லாம் ரமேஸ். பாகம் ஒன்று முடிந்ததும் யூடியூபில் ஏற்றுவார்கள். டேட்டா போட வசதியில்லாத டியூஷன் பிள்ளைகளுக்காகப் பஹ்மி நானா அதை உடனே இறக்கி வைத்து, கேட்பவர்களின் பென் டிரைவில் சும்மா ஏற்றிக் கொடுப்பார். மட்டக்களப்பிலிருந்து, யாழ்ப்பாணத்திலிருந்து, துபாயில் வேலை செய்கிற பிள்ளைகளிடமிருந்து எல்லாம் பாராட்டு வரும். யாஹெய்க்குப் பேசுகிற அண்ணா யார் என்று கேட்பார்கள். தர்ஷிகா அதைப் படித்துப் படித்துச் சிரிப்பாள்.

சத்தத்தைத் துப்புரவு பண்ணுவது ரமேஸின் பொறுப்பு. பகலில் அவனுக்கு ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிற வேலை. கல்யாண வீடியோ என்றால் தெரியும்தானே? ஆட்கள் பேசுவதையெல்லாம் எடுத்துப்போட்டு, மேலே பாட்டைப் போட்டு மூடுவது. அந்தக் கை வீட்டிலும் சும்மா இருக்குமா? பதிவைக் கம்ப்யூட்டரில் போட்டால் குரல் கோடு கோடாகத் தெரியும். பெரிய கோடு வசனம். வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவில் குட்டிப் புல் முளைத்த மாதிரி இருப்பது அவளுடைய மூச்சு. வசனத்துக்கு முன்னால் அவள் செருமுவாள், பிழைத்தால் சிரிப்பாள், என்னங்க இன்னொருக்கா எடுப்போமா என்பாள், மத்தியானத்துக்குப் பருப்பா கீரையா என்பாள். அத்தனையையும் அவன் வெட்டுவான். காதால் கேட்டுக்கூட அல்ல, கண்ணால் பார்த்து. யாஹெய்யின் கோடு எது, மற்றது எது என்று பார்த்த உடனே தெரியும் அவனுக்கு. வெட்டியதை வைத்துக்கொள்ளவும் மாட்டான். டிஸ்க்கில் இடம் கிடையாது, எல்லாம் வீடியோ அடைத்துக் கிடக்கிறது என்று அன்றன்றைக்கே அழித்துவிடுவான்.

ஒருநாள் அவள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்.

"என்னையத் தூக்கிப் போட்டுட்டு அவன மட்டும் வச்சுக்கிறீங்க."

பகிடிக்குத்தான் சொன்னாள். அவனும் சிரித்துக்கொண்டே வெட்டினான்.

நாற்பது, ஐம்பது பாகம் தாண்டியபோது அந்தப் புல் கூடிப்போனது. முன்பு வசனத்துக்கு ஒன்று இருந்தது, இப்போது வார்த்தைக்கு ஒன்று. ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கி அவனுக்குக் கண் வலித்தது. மைக்கில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தான். மைக்குக்கு முன்னால் காலுறையைக் கட்டினான். அலுமாரிக் கதவின் உள்பக்கம் மெத்தைப் பஞ்சு ஒட்டினான். இன்டர்நெட்டில் தேடி, மூச்சை மொத்தமாக வழித்தெடுக்கிற ஒரு மென்பொருளையும் இறக்கினான். அதற்கும் அடங்காதபோது அவளிடமே சொன்னான்.

"மூச்சு சத்தம் வராம பேசு தர்ஷி. பிடிச்சு வச்சுக்கிட்டுப் பேசிப் பாரு."

பாவி மனுஷன். அவளும் பிடித்து வைத்துக்கொண்டு பேசினாள்.

முன்பு ஒரே ஞாயிறில் முடிந்த பாகம் பிறகு இரண்டு ஞாயிறு, மூன்று ஞாயிறு என்று இழுத்தது. அவளுக்குச் சோம்பல் வந்துவிட்டது என்று ரமேஸ் நினைத்தான். டவுனிலிருந்து வரும்போது அந்த எண்பத்திரண்டு படியில் மூன்று இடத்தில் நிற்பாள். செருப்பு வார் கழன்றுவிட்டது என்பாள். அந்தா பாருங்க ஹந்தானை மலையில மூடுபனி என்பாள். நீங்க முன்னால போங்க, வர்றேன் என்பாள். அவன் சாமான் பையோடு முன்னால் போய்க் கதவைத் திறந்து, கம்ப்யூட்டரையும் போட்டுவிடுவான்.

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் ஒரு சிங்கள டொக்டர் நோனா, தமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேடியெடுத்துப் பேசினார். சின்ன வயதில் காய்ச்சல் வந்து மூட்டு வீங்கியதா என்று விசாரித்தார். வந்திருந்தது. அந்தக் காய்ச்சல் இருதயத்தின் வால்வைத் தின்றுகொண்டே இருந்திருக்கிறது என்றார். பிறகு ரமேஸைப் பார்த்துக் கேட்டார், இவருக்கு மூச்சு வாங்குவது எவ்வளவு காலமாக என்று.

"அப்படி ஒண்ணும் இல்லயே டொக்டர்" என்றான் ரமேஸ்.

டொக்டர் நிமிர்ந்து அவனை ஒரு மாதிரிப் பார்த்தார். கட்டிலில் கிடந்த தர்ஷிகாவும் பார்த்தாள். பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள்.

"ரெண்டு மூணு நாளாத்தான் டொக்டர்."

வெள்ளிக்கிழமை விடியும் முன்பே அவள் போய்ச் சேர்ந்தாள். இருபத்தேழு வயது. யாஹெய் இன்னும் மூன்று வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

பதினாறாம் நாள் கருமாதி ஹந்தானையில், அவளுடைய அம்மா பேச்சியம்மாவின் லயத்தில் நடந்தது. பேச்சியம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறவர். அழுது அழுது அவருக்குக் கண்ணீர் நின்று, சும்மா இருக்கும்போதே விசும்பல் மட்டும் வந்தது. வந்த சொந்தக்காரர்கள் சாப்பிட்டுக் கலைந்த பிறகு, முன்பக்க இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்த மருமகனிடம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"அவ கொரல ஒருக்காக் கேக்கணும் மாப்புள. மொகம் படத்துல இருக்கு. கொரல் மறந்துருமோன்னு பயமா இருக்கு."

ரமேஸுக்கு அந்தத் துக்கத்திலும் ஒரு பெருமை வந்தது என்றால் நம்புவீர்களா? வந்தது. வேறு யார் வீட்டில் செத்தவர்களின் குரல் இருக்கிறது? அவனிடம் பத்து மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. இருக்கு அத்தை, இப்பவே போடுறேன் என்று பையிலிருந்த லெப்டொப்பைத் திறந்தான். ஒரு பாகத்தைத் திறந்து போட்டான். பேச்சியம்மா குனிந்து, காதைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டார். இது உங்கள் வீட்டுப் பொருள், கொண்டுவந்திருக்கிறேன் என்றான் யாஹெய். அவர் இன்னும் கேட்டார். ரமேஸ் இன்னொரு பாகத்தைப் போட்டான். பேச்சியம்மா நிமிர்ந்தார்.

"இது யாரோ ஆம்பளப் புள்ள பேசுதே மாப்புள. என் மக எங்க?"

அதுதான் தர்ஷி அத்தை என்று சொல்ல வாயெடுத்தான். அதை விட்டுவிட்டு இன்னொன்றைத் திறந்தான். இன்னொன்றை. எல்லாவற்றிலும் அந்த வாள்காரன்தான் இருந்தான், சுத்தமாக, மூச்சுகூட இல்லாமல். எழுபத்தொரு பாகத்தில் ஓர் இடத்தில், ஒரேயோர் இடத்தில் அவள் இருமியிருக்கக் கூடாதா? இல்லை. அப்படி வழித்துத் துடைத்திருந்தான் அவன்.

கொண்டு வர்றேன் அத்தை, வீட்டில் வேற இருக்கு என்று சொல்லிவிட்டு எழுந்தான். இல்லை என்று அவனுக்கே தெரியும். இருந்தும் சொன்னான்.

வீட்டுக்கு வந்து தேடாத இடமில்லை. ஃபோனைக் கிளறினான். வாட்ஸப்பில் அவள் எழுதி அனுப்பிய செய்திகள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைக்காகத் தொண்டையைப் பாதுகாக்கிறேன் என்று குரல் பதிவு அனுப்புவதையே அவள் குறைத்திருந்தாள். அனுப்பிய ஒன்றிரண்டையும் இடம் போதாதென்று இவன் அழித்திருந்தான். கல்யாண வீடியோவைப் போட்டான். அவனே வெட்டி ஒட்டியது. தாலி கட்டும்போது அவள் ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள், உதடு அசைகிறது, மேலே சினிமாப் பாட்டு ஓடுகிறது. அன்று என்ன சொன்னாள் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

அவளுடைய ஃபோனில் வீடியோக்கள் இருந்தன. மூடுபனி, பூனை, இவன் தூங்குவது, இவன் பாண்காரரோடு சண்டை பிடிப்பது. எடுத்தவள் அவள். ஒன்றிலும் அவள் பேசவில்லை. பதிவு ஓடும்போது வாயைத் திறக்கக் கூடாது என்று அவளைப் பழக்கியவன் யார்? ஆத்திரத்தில் அவன் தன் தலையிலேயே அடித்துக்கொண்டான்.

மறுநாள் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு பஹ்மி நானாவின் கடைக்குப் போனான். அழித்ததை மீட்டெடுக்கிற வித்தையெல்லாம் நானாவுக்குத் தெரியும். இரண்டு நாள் வைத்திருந்து பார்த்தார். அழித்த இடத்தின் மேல் வேறு வேறு வீடியோ ஏறிவிட்டது, ஒன்றும் வரவில்லை என்றார். அதைச் சொல்லும்போது அவர் ரமேஸின் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு பிளேன்டீ வரவழைத்து அவன் கையில் பிடித்துக் கொடுத்தார், குடி தம்பி, ஆறுது என்றார்.

ரமேஸ் அன்று முழுவதும் பாகங்களுக்குக் கீழே ஆட்கள் எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தான். என்ன தேடுகிறோம் என்று தெரியாமலே படித்தான். மிச்சம் மூன்று பாகமும் எப்போது வரும் என்று கேட்டிருந்தார்கள். யாஹெய் அண்ணாவுக்குச் சுகமில்லையா என்று ஒரு பிள்ளை கேட்டிருந்தது. படித்துக்கொண்டே போனபோது, ஐம்பத்தெட்டாம் பாகத்துக்குக் கீழே கை நின்றது. போன ஆவணியில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது.

அந்தப் பாகத்தை ஏற்றி ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை, யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவன் எழுதியிருந்தான்: "அண்ணா, பதினாலாவது நிமிசத்தில வாள்ச் சண்டைக்குள்ள ஒரு பொம்பிளையின்ர குரல் கேக்குது. கவனிக்கேல்லையோ?" ரமேஸுக்கு அன்று அவமானம் தாங்கவில்லை. பாகத்தை உடனே கழற்றினான். அந்த இடத்தைப் போட்டுக் கேட்கவுமில்லை. கோட்டைப் பார்த்தான், சண்டைச் சத்தத்துக்குள் அவன் கண்ணுக்குத் தப்பிய நாலைந்து சின்னக் கோடு கிடந்தது, தேய்த்து எடுத்துவிட்டு மழைச் சத்தத்தைப் போட்டு மூடினான். மறுபடி ஏற்றினான். தர்ஷிகாவிடம் சிடுசிடுத்தும் இருந்தான், மைக் ஓடும்போது ஏன் வாயைத் திறக்கிறாய் என்று. அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஒரு மணித்தியாலத்துக்குள், கழற்றுவதற்கு முன், அதை இறக்கியவர் யாராவது இருப்பார்களா? இருப்பார். ஏற்றிய உடனே இறக்குகிற ஒரு மனுஷர் கண்டி டவுனில் இருக்கிறார். ரமேஸ் அந்த எண்பத்திரண்டு படியையும் எப்படி இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது.

பஹ்மி நானா முதலில் தலையைச் சொறிந்தார். பழைய டிஸ்க் ஒன்று ஈக்கும், ஆனா எங்க போட்டேனோ என்றார். மேசை லாச்சிகளை இழுத்துக் கொட்டினார். உடைந்த ஃபோன்களுக்கும் சார்ஜர் வயர்களுக்கும் அடியில் அது கிடைத்தது. மாட்டினார்கள். ஐம்பத்தேழு இருந்தது. ஐம்பத்தொன்பது இருந்தது. ஐம்பத்தெட்டு இரண்டு இருந்தது.

"முதல் வந்தத அழிக்க மறந்திட்டேன் போல" என்றார் நானா.

அவனுக்குக் கதிரையை இழுத்துப் போட்டு, ஹெட்செட்டையும் கொடுத்துவிட்டு, கடைக்கு வந்த ஆட்களை வெளியே நிற்கச் சொன்னார்.

பதினாலாவது நிமிடம். மலைப்பாதையில் யாஹெய் மூன்று பேரோடு சண்டை போடுகிறான். வாளும் வாளும் மோதுகிற சத்தம். அதற்கு அடியில், எங்கேயோ தூரத்தில், பாண் ஓட்டோவின் மெட்டு. அதோடு ஓர் ஆண் கத்துகிறான், கொஞ்சம் நிறுத்தித் தொலைங்க ஐயா, ரெக்கோர்டிங் போகுது என்று. அது ரமேஸின் குரல். பதிவை ஓடவிட்டு, அவளை அலுமாரிக்குள் வைத்துவிட்டு, வழக்கம்போலப் படியிறங்கி ஓடியிருக்கிறான்.

பிறகு, காதோடு ஒட்டின மாதிரி, அவள்.

"என்னங்க... கொஞ்சம் நிப்பாட்டுறீங்களா? மூச்சு முட்டுது எனக்கு... ஏலாம இருக்கு."

அவளேதான். அவளுடைய சொந்தக் குரல், அந்தச் சின்ன இழுவையோடு. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு, அவன் வருஷக்கணக்காகப் பிடுங்கி எறிந்த அந்த மூச்சு. பேசிவிட்டுப் பதிலுக்காக அவள் காத்திருந்தாள். ஐந்து நொடி, ஆறு நொடி. யாரும் கதவைத் திறக்கவில்லை. வெளியே அவன் இன்னும் பாண்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அவள் தொண்டையைச் செருமினாள். அடுத்தது யாஹெய்யின் வசனம், காயம்பட்ட வாள்காரன் கூட வந்த சிறுவனுக்குச் சொல்வது.

"நான் நலமாக இருக்கிறேன். நீ முன்னால் நட."

ரமேஸ் ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தான். டொக்டர் கேட்ட கேள்வியும், கட்டிலிலிருந்து அவள் பார்த்த பார்வையும், ரெண்டு மூணு நாளாத்தான் என்று அவள் சொன்ன பொய்யும் ஒன்றாக வந்து நெஞ்சில் ஏறின. புருஷனை ஆஸ்பத்திரியில் அவமானப்பட விடக்கூடாதென்று சொன்ன பொய். தன் மனைவிக்கு மூச்சு வாங்குவதை உலகத்திலேயே அதிகமாகப் பார்த்தவன் அவன்தான். ஒவ்வொரு நாளும் பின்னேரம் உட்கார்ந்து, பெரிதாக்கி, உற்றுப் பார்த்து, நீலக் கோட்டில் பார்த்தவன். பார்த்துப் பார்த்து அழித்தவன்.

பஹ்மி நானா அவன் தோளில் கை வைத்தார். என்ன இருந்தது என்று கேட்கவில்லை. ரமேஸ் கடை வாசலில், ஆட்கள் பார்க்கப் பார்க்க, முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அழுதான்.

அந்தத் துண்டைத் தன் ஃபோனுக்கு எடுத்துக்கொண்டான். மறுநாள் பின்னேரம் ஹந்தானை பஸ் ஏறினான்.

பஸ்ஸில் அவனுடைய கை சும்மா இருக்கவில்லை. வெட்டுகிற கைதானே. ஃபோனிலேயே அதைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தான். என்னங்க என்கிற ஒரு சொல்லை மட்டும் எடுத்தால் போதாதா? பெற்றவள் குரலைத்தானே கேட்டாள். மூச்சு முட்டியதை அவர் எதற்குக் கேட்க வேண்டும்? ஒரு வெட்டு, அவ்வளவுதான். அவருக்கும் நல்லது, இவனுக்கும் நல்லது. கத்தரிக்கோல் படத்தின் மேல் விரலை வைத்தபடியே மூன்று வளைவு போனான். பிறகு விரலை எடுத்துவிட்டான். இதுக்கு மேலயும் வெட்டுனா நான் மனுஷனே இல்ல என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

பேச்சியம்மா மலையிலிருந்து இறங்கிக் கால் கழுவிக்கொண்டிருந்தார். வாசலில் ரமேஸ் நின்றான். எத்தனை வாசலில் அந்த வாள்காரன் இப்படி நின்றிருப்பான், எழுபத்தொரு வாசல், எல்லா வாசலிலும் தர்ஷிகாவின் குரலில். அந்த வசனம் ரமேஸின் தொண்டைவரை வந்தது. சொல்ல அவனுக்குத் தைரியமில்லை.

"கொண்டாந்திருக்கேன் அத்தை" என்று மட்டும் சொன்னான்.

இஸ்தோப்பில் உட்கார்ந்தார்கள். பேச்சியம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு ஃபோனை இரண்டு கையாலும் வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டார். வாள் மோதுகிற சத்தத்துக்கு முகத்தைச் சுளித்தார். அடுத்த நொடி அவர் முகம் மாறியது. என்னங்க என்று கேட்டதுமே உம் என்று சொன்னார், மகள் தன்னைத்தான் கூப்பிட்ட மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார். முடிந்த பிறகும் ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"மூச்சு வாங்குறாளே புள்ள" என்றார்.

ஒரே தடவை கேட்டார் மனுஷி, ஒரே தடவை.

"எப்பப் பேசுனது இது?"

"போன ஆவணியில அத்தை."

பேச்சியம்மாவின் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுக்கொண்டு போனது. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. வைகாசியில் வந்து நின்றது. ஒன்பது மாதம்.

"பொறகு ஆம்பளக் கொரல்ல பேசுறாளே, நல்லா இருக்கேன், நீ முன்னால நடன்னு. அது யாருக்குச் சொல்றா?"

"அது அந்தக் கதையில வர்ற வசனம் அத்தை."

"அப்ப நீங்க நிப்பாட்டலயா மாப்புள?"

அதட்டிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இல்ல அத்தை. நான் நிப்பாட்டல."

பேச்சியம்மா முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் காம்பரா வாசலில் யாரோ விறகு வெட்டினார்கள். ஒரு கோழி வந்து இஸ்தோப்பில் ஏறியது, அவர் விரட்டவில்லை. அவர் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார் என்று ரமேஸ் நினைத்தான். சாத்தினால் நல்லது என்றும் நினைத்தான். ஆனால் அவர் ஃபோனை அவனிடம் நீட்டினார்.

"இன்னொருக்காப் போடுங்க. கேப்போம்."

போட்டான். என்னங்க என்றாள். கொஞ்சம் நிப்பாட்டுறீங்களா என்றாள். மூச்சு முட்டுது எனக்கு, ஏலாம இருக்கு என்றாள். வாள்காரன் வாயைத் திறப்பதற்குள் ரமேஸ் நிப்பாட்டினான். மறுபடி போடச் சொன்னார். மறுபடி போட்டு, அதே இடத்தில் நிப்பாட்டினான். ஃபோனில் சார்ஜ் தீரும்வரை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் கேட்ட ஒவ்வொரு தடவையும் அவன் நிப்பாட்டினான்.